பெட்ரோல் 110 ரூபாய்: மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை, எதைக் குறைப்பது?

கூடுவாஞ்சேரிவாசி (ஏப்ரல் 2022)

கிண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய். கரோனாக் காலத்தில் மின்சார ரயில் நின்றபோது பைக்கில் போகத் தொடங்கியவன், ரயில் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகும் அதை விடவில்லை. போக வர நாளொன்றுக்கு 55 கிலோமீட்டர். நவம்பரிலிருந்து 101 ரூபாய் 40 காசாக இருந்த பெட்ரோல், மார்ச் 22 தொடங்கிப் பதினாறே நாளில் சென்னையில் 110 ரூபாய் 85 காசைத் தொட்டுவிட்டது. வாடகை 9,000, பழைய கார் ஒன்றுக்கு மாதத் தவணை 7,400, இன்னும் 26 தவணைகள் பாக்கி. பள்ளிக் கட்டணத்துக்காகச் சென்ற மாதம் மனைவியின் வளையலை அடகு வைக்க நேர்ந்தது. பால், முட்டையைக் குறைக்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கணக்காளர்

தம்பி, முதலில் பால், முட்டையைத் தொடாதீர்கள். மாதம் 25 நாள், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்தால் உங்களுக்கு முப்பது லிட்டருக்குச் சற்று அதிகம் தேவைப்படுகிறது. 3,100 ரூபாயாக இருந்த செலவு 3,390 ஆகியிருக்கிறது. அதாவது இந்த ஏற்றம் உங்கள் பைக்கில் எடுத்துக்கொண்டது 300 ரூபாய்க்கும் குறைவு. அதற்கே வளையல் அடகுக்குப் போகிறதென்றால், வரவும் செலவும் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு வெகுநாள் ஆயிற்று என்றுதான் பொருள். அந்த இடைவெளியை விழுங்கியது கார்த் தவணை. மின்னணுச் சிப் தட்டுப்பாட்டால் புதிய கார்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால் பழைய கார்களுக்கு இப்போது நல்ல விலை கிடைக்கிறது. கடன் கொடுத்தவரிடம் முன்கூட்டியே முடிப்பதற்கான தொகையை எழுத்தில் வாங்குங்கள். கட்டி முடித்ததும் தடையில்லாச் சான்றும், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அடமானப் பதிவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீக்குங்கள். அலுவலகத்துக்கு ரயிலிலேயே போகலாம். இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் டிக்கெட் 300 ரூபாய்கூட ஆகாது.

தாம்பரம் இல்லத்தரசி

கார் பற்றி ஐயா சொன்னது சரி. ஆனால் ஏற்றம் 300 ரூபாயோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டீசலும் இதே நாட்களில் 91 ரூபாயிலிருந்து 100-ஐத் தாண்டியதால், கோயம்பேடு சந்தைக்கு லாரியில் வரும் ஒவ்வொரு மூட்டையிலும் அது ஏறுகிறது. சிலிண்டரும் மார்ச் 22 அன்றே 50 ரூபாய் கூடிவிட்டது. நான் பருப்பையும் கடலையையும் முன்னதாக ஊறவைத்துக் குக்கரில் வைக்கிறேன். ஒரு சிலிண்டர் சில நாட்கள் கூடுதலாக வருகிறது. உங்கள் மனைவி வெளியே போய்வரும் இடங்களுக்கு, வெள்ளைப் பலகை வைத்த சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்து இருந்தால் அதில் போகலாம். சென்ற ஆண்டு மே மாதம் முதல் அதில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. காத்திருக்க நேரம் ஆகும் என்பது உண்மைதான்.

ஆட்டோ ஓட்டுநர்

எரிபொருளை வைத்தே பிழைப்பவனுக்கு இந்த யோசனைகள் பாதிதான் பொருந்தும். அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் 2013-இல் வைத்ததே இன்றும் இருக்கிறது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. எனக்கு விலையேற்றம் என்பது கூலி வெட்டு; அதைச் சிக்கனம் என்று யாரும் சொல்லக் கூடாது. நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். தண்டல், அதாவது நாள்தோறும் திருப்பிக் கட்டும் வட்டிக் கடன், வாங்குவதை இரண்டு ஆண்டுகளுக்கு முன் விட்டேன். அன்றாடம் தண்டலுக்குப் போன நூறு ரூபாயைத் தனியாக எடுத்து வைத்ததால்தான் இந்த மார்ச்சில் யாரிடமும் கை நீட்டவில்லை. காரை விற்றால் மீதமாகும் பணத்தில் முதலில் வளையலை மீட்டுவிடுங்கள், தம்பி. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

கூடுவாஞ்சேரிவாசி

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு மனைவியும் நானும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். காப்பீடு, பழுது எல்லாம் சேர்த்தால் கார் மாதம் 9,000-ஐத் தாண்டுகிறது. அதில் நாங்கள் மாதத்துக்கு இரண்டு முறைதான் போகிறோம். கடன் முடிக்கும் தொகையைக் கேட்டு இன்று விண்ணப்பித்துவிட்டேன். திங்கள் முதல் ரயிலில்தான் போகப்போகிறேன். காலை ஏழே காலுக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். பால் வழக்கம்போல ஒரு லிட்டர்தான் வாங்குகிறோம்.