கணுக்காலின் பின்னால் ஒரு துண்டு: முறிவா, கூடுதல் எலும்பா?

கேள்வி:
வணக்கம். பத்து நாட்களுக்கு முன் மாடிப்படியில் இறங்கும்போது என் வலது கால் பிசகியது. எக்ஸ்ரேயில் கணுக்காலின் பின்பக்கம், குதிகால் எலும்புக்கு மேலே இருக்கும் தாலஸ் எலும்பை ஒட்டிப் பட்டாணி அளவில் ஒரு துண்டு தனித்துத் தெரிகிறது. முதலில் பார்த்த மருத்துவர் முறிவு என்று மாவுக்கட்டுப் போட்டார். அடுத்தவரோ அது பலருக்கும் இருக்கும் கூடுதல் எலும்புதான் என்கிறார். ஆனால் பெருவிரலை மடக்கினாலே பின்னால் சுருக்கென்று வலிக்கிறது. யார் சொல்வதை நம்புவது?

பதில் 1:
எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்பவன் என்பதால் எழுதுகிறேன். அந்த இடத்தில் தெரிவது ‘ஆஸ் ட்ரைகோனம்’ என்னும் கூடுதல் எலும்பாக இருக்கலாம். சுமார் 7 முதல் 13 வயதுக்குள் தாலஸின் பின்முனையில் தனியே தோன்றும் எலும்புத் துண்டு, வழக்கமாக ஓராண்டுக்குள் தாலஸோடு சேர்ந்துவிடும்; சிலருக்குச் சேராமலேயே நின்றுவிடும். பக்கவாட்டில் எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் துண்டின் விளிம்பைப் பாருங்கள். கூடுதல் எலும்பு என்றால் கூழாங்கல்லைப் போல வழுவழுப்பாக, சுற்றிலும் மெல்லிய வெண்கோட்டுடன் இருக்கும். புதிதாக உடைந்திருந்தால் உடைந்த பக்கத்தில் அந்தக் கோடு இராது. விளிம்பு பிசிறடித்து, உடைந்த பானையின் ஓடு போல எதிர்ப்பக்கத்தோடு பொருந்தும். அதே முனை முறிவதும் உண்டு. மான்ட்ரியலைச் சேர்ந்த பிரான்சிஸ் ஷெப்பர்டு 1882-இல் விவரித்ததால் அது ஷெப்பர்டு முறிவு எனப்படுகிறது.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் கூடுதல் எலும்பு என்றதும் வலியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடக் கூடாது. அதைத் தாலஸோடு பிணைக்கும் குருத்தெலும்பு, கால் பிசகும்போது கிழியலாம். பெருவிரலை மடக்கும் தசைநாண் அதை உரசினாற்போல் ஓடுவதால்தான் உங்களுக்கு அங்கே வலிக்கிறது என்று நினைக்கிறேன். நுனிக்காலில் நிற்கும் பாலே நடனக் கலைஞர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். இடது காலையும் படம் எடுத்துப் பாருங்கள்; அங்கே இல்லாவிட்டாலும் முறிவு என்று முடிவுகட்டிவிட முடியாது, ஒரு காலில் மட்டும் இருப்பவர்களும் உண்டு. ஐயம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பது நல்லது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இடது காலிலும் அதே இடத்தில் அதே போன்ற துண்டு இருக்கிறது. அந்தக் கால் ஒருநாளும் வலித்ததில்லை. எம்.ஆர்.ஐ.யில் வலது பக்கத் துண்டுக்கும் தாலஸுக்கும் இடையே நீர் கோத்திருப்பதாக வந்துள்ளது. முதல் மருத்துவரே படங்களைப் பார்த்துவிட்டு மாவுக்கட்டைப் பிரித்து, நான்கு வாரம் கணுக்கால் பூட்ஸ் அணியச் சொல்லியிருக்கிறார்.