‘ரீசீட்’: மீளமர்த்தலா, கழற்றிமாட்டலா?

தங்கச்சிமடத்திலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் லினக்ஸ் நிறுவல் கையேட்டின் வன்பொருள் அத்தியாயத்தில் ‘ரீசீட்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. ரேமை (நினைவகப் பட்டையை) எடுத்து, துடைத்து, அதே ஸ்லாட்டில் மறுபடி அழுத்தி வைப்பதற்கு ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் போதும். அதை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டால் கடைக்காரர் தரும் ரசீது என்று படிக்கிறார்கள். அதனால் வரைவில் ‘மீளமர்த்தல்’ என்று எழுதியிருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல, போன கார்த்திகையில் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பை நிறுவ மூன்று நாள் போராடினான். முதல் முறை வட்டைப் பகுதிகளாகப் பிரித்து முடித்ததுமே நின்றுவிட்டது. அடுத்த முறை பாதிக் கோப்புகள் ஏறியபின் நின்றது. மூன்றாம் முறை கடைசிவரை வந்து, கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரலை நிறுவும் நேரத்தில் காலை வாரியது. பென்டிரைவ்தான் கெட்டது என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்கியும் பார்த்துவிட்டான். இறக்கிய கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பொருந்தியது. பென்டிரைவ் பழுதென்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டும். நிற்கிற இடம் மாறிக்கொண்டே இருந்தால் நான் முதலில் ரேமைத்தான் சந்தேகிப்பேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலைப் போட்டோம். சிறிது நேரத்திலேயே பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின.

பெட்டியைத் திறந்தேன். வாடைக்காற்று உப்பை அள்ளிவந்து கண்டதன்மேலெல்லாம் பூசுகிற மாதம் அது. ரேமின் அடியில் வரிசையாக இருக்கும் பொன்முலாம் பற்கள் மங்கிக் கிடந்தன. இரண்டு பற்களின் ஓரத்தில் பாசிப்பச்சை படிந்திருந்தது. பொன் கறுக்காது என்பது சரிதான். ஆனால் முலாம் மிக மெல்லியது. அதன் நுண்துளைகளின் வழியே ஈரமும் உப்பும் இறங்கி அடியிலுள்ள செம்பைத் தின்கின்றன. மின்செருகியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, ரேமை எடுத்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவைத்து, இருபக்கக் கொக்கிகளும் ‘டக்’கென்று விழும்வரை அழுத்தினேன். (பென்சில் அழிப்பானால் தேய்க்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. அழுக்கோடு முலாமும் போய்விடும். கையேட்டில் அதைச் சேர்க்க வேண்டாம்.) மெம்டெஸ்ட் இரவு முழுவதும் ஓடியது, ஒரு பிழைகூட இல்லை. மறுநாள் காலை டெபியன் ஒரே மூச்சில் ஏறிவிட்டது.

வாசலில் வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த அவனுடைய தாத்தா, “என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். சொன்னேன். “படகு எஞ்சினில் பிளக்கைக் கழற்றி மாட்டுகிறோமே, அதுதானே?” என்றார்.

அதேதான். சொல் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது, நாம் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். ‘அமர்த்துதல்’ என்றால் வேலைக்கு ஆள் அமர்த்துவதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ‘நினைவகத்தை மீளமர்த்தவும்’ என்பது, வேலையைவிட்டு நீக்கியவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்வதுபோல இருக்கிறது. கழற்றுவதுதான் பாதி வேலை. அதைப்பற்றி அந்தச் சொல்லில் ஒரு குறிப்பும் இல்லை. ‘கழற்றிமாட்டல்’ என்பதில் இரண்டும் இருக்கின்றன. வினையெச்சத்தோடு இன்னொரு வினையைச் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல: ‘எடுத்துக்காட்டு’, ‘வெட்டி ஒட்டல்’ இரண்டும் அப்படி வந்தவைதான்.

இன்னொரு பயனும் உண்டு. டெபியன் 12 வெளிவந்த ஜூன் 2023 முதல், கட்டற்றதல்லாத நிலைப்பொருள்களும் (வன்பொருளுக்குள் ஓடும் ‘ஃபர்ம்வேர்’ நிரல்களும்) நிறுவல் ஊடகத்திலேயே வருவதால், வைஃபை பல கணினிகளில் நிறுவும்போதே வேலைசெய்கிறது. ஆனால் கணினி உறங்கி விழித்ததும் சிலவற்றில் வைஃபை காணாமல் போகிறது. அப்போது மாட்புரோப் (modprobe) கட்டளையால் வைஃபையின் இயக்கியை (டிரைவரை) நீக்கி மறுபடி சேர்த்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். திருப்புளி இல்லாத கழற்றிமாட்டல் இது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் படிப்பவருக்குச் சுமை குறையும்.

தொண்டியிலிருந்து:

எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. முதலாவது, ‘மாட்டல்’ என்று பார்த்ததும் மாணவர்கள் மாட்டுவண்டியைத்தான் நினைப்பார்கள். இரண்டாவது, இயக்கியைப் பற்றியது. கருநிரலில் (கெர்னலில்) இயக்கி போன்ற கூறுகளை ‘ஏற்றுகிறோம்’ என்றுதான் ஏற்கெனவே எழுதி வருகிறோம். அதற்கு ‘இறக்கி ஏற்றல்’ பொருத்தமாக இருக்காதா?

கீழக்கரையிலிருந்து:

மாட்டுவண்டி இருக்கட்டும். நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். அக்காள் மகளின் கணினி திரை காட்டாமல் ‘பீப்’ மட்டும் போட்டது. தொலைபேசியில், “ரேமைக் கழற்றி மாட்டிப் பார்” என்றேன். இந்தப் பக்கம் காற்று இரைச்சல். அவள் காதில் விழுந்தது “மாற்றிப் பார்”. பேச்சில் அது ‘மாத்து’ என்றுதானே வரும், மாட்டுக்கும் மாத்துக்கும் எவ்வளவு தூரம்? மறுநாள் கடைக்குப் போய் 4 ஜிபி டிடிஆர்3 ரேம் புதிதாக வாங்கிப் போட்டுவிட்டாள். கணினி ஓடியது. பழைய ரேமை நான் துடைத்துச் சோதித்துப் பார்த்தேன், அதில் ஒரு பழுதும் இல்லை. ஓர் எழுத்துக்கு ஒரு ரேமின் விலை கொடுத்திருக்கிறோம். இதற்கு மீளமர்த்தலே தேவலை.

தங்கச்சிமடத்திலிருந்து:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. பழுதுநீக்கும் கையேட்டில் ‘அதையே மறுபடி வை’ என்பதும் ‘புதிதாக வை’ என்பதும் குழம்பவே கூடாது. மாட்டலை விட்டுக்கொடுக்கிறேன், கழற்றியை விடமாட்டேன். ‘கழற்றிப் பொருத்தல்’ என்று வைத்துக்கொள்ளலாமா? பொருத்தல், மாற்றல் இரண்டையும் எந்தக் காற்றிலும் யாரும் ஒன்றாகக் கேட்க முடியாது. ஏற்கெனவே வரைவில் இருக்கும் வரிகளில் பொருத்திப் பார்த்தேன்:

நினைவகத்தைக் கழற்றிப் பொருத்தவும்.
சாட்டா வடத்தின் இருமுனைகளையும் கழற்றிப் பொருத்தவும்.
கடிகாரம் பின்தங்கினால் சிஆர்2032 மின்கலத்தை மாற்றவும்.

மூன்றாவது வரியில் ‘மாற்றவும்’ தன் வேலையைத் தனியாகச் செய்கிறது பாருங்கள்.

தொண்டி ஆசிரியருக்கு: ‘இறக்கி ஏற்றல்’ காதுக்கு இனிமைதான், துறைமுகத்து வாசனையும் அடிக்கிறது. ஆனால் ‘இறக்கு’ என்ற சொல்லை இணையத்திலிருந்து கோப்பு எடுப்பதற்குக் கொடுத்துவிட்டோமே. ‘இயக்கியை இறக்கி ஏற்றவும்’ என்று படித்தவர் முதலில் உலாவியைத்தான் திறப்பார். இயக்கிக்கும் கழற்றிப் பொருத்தலே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைவரை மறுப்பு வராவிட்டால் கோப்பில் மாற்றிவிடுகிறேன். காக்கா, அந்தப் பழைய டிடிஆர்3 ரேம் சும்மா கிடந்தால் இராமேஸ்வரம் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். பையனின் கணினியும் அதே ரகம்தான், ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது.