முன் சக்கரமா, பின் சக்கரமா? எந்த பிரேக் பேடை மாற்ற வேண்டும் என்று கண்டறிவது எப்படி?

ஏற்காடு அடிவாரம் (கேள்வி)

வணக்கம். என்னிடம் 2016ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது. இதுவரை 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது, முன் பிரேக் பேட்களை 41,000 கி.மீ.யில் மாற்றியதற்கான பில் கையில் உள்ளது. வேலை நிமித்தமாக மாதத்துக்கு இரண்டு முறையாவது சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி இறங்குகிறேன். இரண்டு வாரங்களாக, வண்டி மெதுவாக உருளும்போது மெல்லிய கிரீச் ஒலி வருகிறது. பிரேக்கை லேசாக மிதித்தால் நின்றுவிடுகிறது. எனக்கு அது முன்னாலிருந்து வருவதாகத் தோன்றுகிறது. பின் இருக்கையில் அமரும் என் மனைவியோ பின்னாலிருந்துதான் வருகிறது என்று உறுதியாகச் சொல்கிறார். சர்வீஸ் சென்டர் ஒன்றில் காட்டியபோது, ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றாமல், நான்கு சக்கரங்களுக்கும் பேட் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எது உண்மையில் தேய்ந்திருக்கிறது என்பதை நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பட்டறைக்காரர்

வணக்கம். முதலில் அந்த எஸ்டிமேட்டைப் பற்றி ஒரு சொல். உங்கள் வண்டிக்கு முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். பேட் என்பது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டைக் கவ்வுவது. டிரம்முக்குள் இருப்பது ஷூ. எனவே நான்கு சக்கரங்களுக்கும் பேட் என்று எழுதியவர், எழுதும்போது வண்டியைப் பார்க்கவில்லை என்றே நான் கொள்வேன்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரங்களின் மேல்தான் விழுகிறது. அதனால்தான் முன் பேட்கள் இரண்டு முறை மாற்றப்பட்ட வண்டியிலும் பின் ஷூக்கள் பழையவையாகவே நல்ல நிலையில் இருப்பதைப் பார்க்கிறோம். கிரீச் ஒலியையும் அலட்சியப்படுத்த வேண்டாம். பல பேட்களில் சிறிய இரும்புத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பேட் குறிப்பிட்ட அளவுக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கை உரசி, மாற்றச் சொல்லிக் கத்தும். பிரேக்கை மிதித்தால் ஒலி மாறுவதோ நிற்பதோ அதற்கு உரிய குணம். மாறாக, கரகரவென்று அரைக்கும் ஒலி வந்தால் தேய்மானப் பகுதி தீர்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது என்று பொருள். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

ஆனால் ஒலியை வைத்து முடிவு எடுக்க முடியாது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியில் ஏற்றி முன் சக்கரத்தைக் கழற்றுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஜாக்கி சறுக்கினாலும் வண்டி தரையில் மோதாது. வண்டிக்கு அடியில் மட்டும் உடலை நுழைக்காதீர்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதும் திருப்பினால், பேட்களைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் நன்றாகத் தெரியும். வெளிப்புறப் பேட் எளிதில் கண்ணில் படும்; ஏமாற்றுவது உட்புறப் பேட்தான். அதைக் காலிப்பரின் நடுவே உள்ள திறப்பின் வழியாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

புதிய பேடில் தேய்மானப் பகுதி ஏறத்தாழ 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. உங்களைப் போல் மலை ஏறி இறங்குபவர் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. பேடின் முதுகில் இருக்கும் இரும்புத் தகட்டையும் சேர்த்து அளந்துவிட்டு நிறைய இருக்கிறது என்று நம்புகிறவர்கள் பலர். தகடு கணக்கில் சேராது. ஸ்கேல் உள்ளே நுழையவில்லை என்றால் 3 மி.மீ. அலன் கீ (L வடிவ அறுகோணச் சாவி) ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிடப் பேட் மெலிந்து தெரிந்தால் வேறு சோதனை தேவையில்லை. நான்கு பேட்களின் அளவையும் தனித்தனியாக எழுதி இங்கே இடுங்கள்.

மதில்சுவர்

மேலே சொன்னதே சரியான வழி. சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன், கணவன் மனைவி வழக்கைத் தீர்க்க ஒரு சிறு உத்தி உண்டு. நீண்ட மதில் சுவர் உள்ள, போக்குவரத்து இல்லாத தெருவில் இடது கண்ணாடியை இறக்கிவிட்டு, சுவரை ஒட்டி மிக மெதுவாக ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியில் இடது பக்கக் கிரீச் தெளிவாகக் கேட்கும். சுவர் வலப்புறம் வரும்படி அதே தெருவில் திரும்பி வந்தால் மறுபக்கமும் தெரிந்துவிடும். உருளும்போது ஹேண்ட் பிரேக்கை ஒரு பல் மட்டும் இழுத்துப் பாருங்கள். அது பின் டிரம்களில் மட்டுமே வேலை செய்வதால், ஒலி மாறினால் பின்னால் சந்தேகப்படலாம்.

மழையில் நனைந்து இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் முதல் சில பிரேக்குகளுக்கு உரசும் ஒலி எழுப்புவது டிஸ்க்கின் மேல் படியும் மெல்லிய துருவினால். அது தானே போய்விடும்.

ஏற்காடு அடிவாரம்

இருவருக்கும் நன்றி. சுவர் உத்தியில் ஒலி இடது முன் சக்கரத்திலிருந்து வருவது தெளிவாகிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தபோது எந்த மாற்றமும் இல்லை. இன்று காலை இரண்டு முன் சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தேன். வலது முன்: வெளிப்புறம் 6 மி.மீ., உட்புறம் சற்றே குறைவு. இடது முன்: வெளிப்புறம் 6 மி.மீ.; உட்புறமோ 2 மி.மீ. கூட இல்லை, அலன் கீயில் பாதிதான். வெளியிலிருந்து மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் நலம் என்று சக்கரத்தை மாட்டியிருப்பேன். அந்த ஒரு பேடை மட்டும் மாற்றினால் போதுமா? பிரேக் ஆயில் மட்டமும் குறைந்திருக்கிறது, ஊற்றிவிடலாமா?

பட்டறைக்காரர்

ஒரு பேடை மட்டும் மாற்றக் கூடாது. இடமும் வலமும் ஒரே அளவில் பிடிக்க வேண்டும் என்பதால் முன் சக்கரங்கள் இரண்டுக்குமாக நான்கு பேட்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கடையிலும் அப்படியொரு செட்டாகத்தான் கிடைக்கும். ஆனால் பேடை மாற்றுவதோடு நிறுத்தினால் இதே கதை மறுபடியும் நடக்கும், ஏனென்றால் நீங்கள் அளந்தது சாதாரணத் தேய்மானம் அன்று.

உங்கள் வண்டியில் பிஸ்டன் உட்புறத்தில் மட்டுமே இருக்கிறது. அது உட்புறப் பேடை டிஸ்க்கின் மேல் தள்ளும்போது, எதிர்விசையில் காலிப்பர் முழுவதும், கம்பி போன்ற இரண்டு ஸ்லைடிங் பின்களின் மேல் நகர்ந்து வெளிப்புறப் பேடை இழுத்துவர வேண்டும். இந்தப் பின்களில் துரு ஏறியோ கிரீஸ் காய்ந்தோ காலிப்பர் நகராமல் போனால், உட்புறப் பேட் தனியாக உழைத்துத் தேய்ந்து, வெளிப்புறம் புதிதுபோல் நிற்கும். மெக்கானிக்கிடம் இரண்டு பின்களையும் உருவிக் காட்டச் சொல்லுங்கள். துருவைத் துடைத்து, பிரேக்குக்கு உரிய சிலிகான் கிரீஸ் இட வேண்டும். சாதாரண கிரீஸ், பின்களை மூடியிருக்கும் ரப்பர் உறையை உப்ப வைத்துக் கெடுத்துவிடும். கிழிந்த உறையை மாற்றாமல் விட்டால் தண்ணீர் மீண்டும் உள்ளே போகும். பின்கள் தாராளமாக நகர்ந்தால் அடுத்த சந்தேகம் பிஸ்டன் மேல். கிளாம்பில் அழுத்தும்போது அது சீராக உள்ளே போகவில்லை என்றால் காலிப்பரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரேக் ஆயிலை இப்போது ஊற்ற வேண்டாம். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வருவதால் ஆயில் கலயத்தில் மட்டம் இறங்குவது இயல்பு. இப்போது நிரப்பினால், புதிய பேட் மாட்டப் பிஸ்டனைப் பின்தள்ளும்போது ஆயில் பொங்கி வழிந்து பெயிண்டை அரித்துவிடும். புதிய பேட் போட்ட பிறகும் மட்டம் ஏறவில்லை என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. டிஸ்க்கையும் விட்டுவிடாதீர்கள், அதற்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும், மைக்ரோமீட்டரில் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஏற்காடு அடிவாரம்

நேற்று எங்கள் தெரு மெக்கானிக்கிடம் வேலை முடிந்தது. இடது காலிப்பரின் கீழ் ஸ்லைடிங் பின், ஸ்பேனர் போட்டு முறுக்கிய பிறகே அசைந்தது. உறை கிழிந்திருந்தது, அந்தப் பின் துருவேறிச் செம்மண் நிறத்தில் வந்தது. முன் பேட்கள் நான்கையும் மாற்றி, இரண்டு பக்கமும் உறைகளைப் புதிதாகப் போட்டார். டிஸ்க் தடிமன் அளவுக்குள் இருக்கிறது. ஆயிலும் தானாகவே மேல் கோட்டுக்கு வந்துவிட்டது. பின் டிரம்களைத் திறந்து பார்த்ததில் ஷூக்களில் இன்னும் நிறைய மீதம் இருக்கிறது. ஒலி போய்விட்டது, ஆனால் பெடல் முன்புபோல் கடிக்கவில்லை. திங்கட்கிழமை ஏற்காடு போகலாமா?

பட்டறைக்காரர்

புதிய பேடின் பரப்பு டிஸ்க்கோடு படிவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை கடிப்பு சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாகப் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைப்பதைப் பத்து முறை, நடுவில் ஆற இடம் கொடுத்துச் செய்யுங்கள். திங்கட்கிழமைப் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள். பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்தால் மட்டும் காத்திருக்காமல் மெக்கானிக்கிடம் திரும்பிப் போங்கள். அது பேட் படியாத குறை அன்று, குழாயில் காற்று புகுந்ததன் அடையாளம்.