ஸ்பிங்க்ஸ் லிங்க்கோட்: [சோர்ஸ்] லிங்க் வேறு ஃபைலைத் திறக்கிறது, உதவி தேவை

பைத்தான்பித்தன்:
வணக்கம். எங்கள் டீமின் பைத்தான் லைப்ரரிக்கு ஸ்பிங்க்ஸில் டாக்குமென்டேஷன் போடுகிறோம். ஃபங்ஷன் பெயருக்குப் பக்கத்தில் வரும் [சோர்ஸ்] லிங்க்கை கிளிக் செய்தால் கிட்ஹப்பில் அந்த வரியிலேயே போய் நிற்க வேண்டும். அதற்காக லிங்க்கோட் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, கான்ஃபிக் ஃபைலில் ஒவ்வொரு பெயருக்கும் லிங்க் முகவரியைத் திருப்பித் தரும் லிங்க்கோட்_ரிசால்வ் ஃபங்ஷனையும் எழுதியாயிற்று. பாதிதான் வேலை செய்கிறது.

கிளையன்ட் ஃபைலில் 240ஆம் வரியில் இருக்கும் ஒரு ஃபங்ஷனைக் கிளிக் செய்தால் ரீட்ரை ஃபைல் திறக்கிறது. முகவரியின் கடைசியில் மட்டும் 240 என்று சரியாக வருகிறது! அந்த ஃபைலில் மொத்தமே 40 வரிதான். இதுபோல இன்னும் நிறைய ஃபங்ஷன்கள்.

அப்புறம், பழைய வெர்ஷனுக்கான பக்கங்களில் ஃபைல் சரியாக இருந்தாலும் வரி பத்துப் பதினைந்து தள்ளிப் போகிறது. ப்ராப்பர்ட்டிகளுக்கு (அட்ரிபியூட் போலவே படிக்கக்கூடிய மெத்தட்களுக்கு) லிங்க்கே வரவில்லை.

ஃபைலை இன்ஸ்பெக்ட் மாட்யூலின் கெட்சோர்ஸ்ஃபைல் வைத்தும், வரியை கெட்சோர்ஸ்லைன்ஸ் வைத்தும் எடுக்கிறேன். எர்ரர் வந்தால் லிங்க் போடாமல் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

வரிக்குவரி:
தப்பாகப் போகும் ஃபங்ஷன்கள் எல்லாவற்றின் தலையிலும் ரீட்ரை டெகரேட்டர் (ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனுக்குள் சுற்றிவைக்கும் உறை) இருக்கிறதா?

பைத்தான்பித்தன்:
ஆமாம், எல்லாவற்றிலும். டெகரேட்டருக்குள் ஃபங்க்டூல்ஸின் ராப்ஸ் போட்டிருக்கிறோம்.

வரிக்குவரி:
அப்படியென்றால் இதுதான் விஷயம். கெட்சோர்ஸ்லைன்ஸ் தானாகவே டெகரேட்டரின் உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் அசல் ஃபங்ஷனின் வரியைச் சொல்லும். கெட்சோர்ஸ்ஃபைல் பிரிக்காது, வெளியுறை எந்த ஃபைலில் எழுதப்பட்டதோ அதைச் சொல்லும். அதனால் ஃபைல் ஒன்றிலிருந்தும் வரி இன்னொன்றிலிருந்தும் வந்து ஒட்டிக்கொள்கிறது. வரி எண் சரியாக வருவதால்தான் பலருக்கு இது பிடிபடுவதில்லை.

இரண்டையும் கூப்பிடுவதற்கு முன்பே இன்ஸ்பெக்டில் இருக்கும் அன்ராப்பிடம் அந்த ஆப்ஜெக்டைக் கொடுத்து, அது தருவதை வைத்து வேலை செய்யுங்கள். நல்லவேளை, ராப்ஸ் போட்டிருக்கிறீர்கள். அது இல்லையென்றால் அசல் ஃபங்ஷன் எது என்று அன்ராப்புக்கும் தெரியாது.

ப்ராப்பர்ட்டி ஃபங்ஷன் இல்லை, அதனால் இன்ஸ்பெக்ட் டைப்எர்ரர் கொடுக்கும். அதைத்தான் உங்கள் எர்ரர் பிடிக்கும் வரி சத்தமில்லாமல் விழுங்குகிறது. ப்ராப்பர்ட்டி என்று தெரிந்தால் அதற்குள் இருக்கும் அசல் ஃபங்ஷனான எஃப்கெட்டை எடுத்து அனுப்புங்கள். கேஷ்டு ப்ராப்பர்ட்டி இருந்தால் அதில் எஃப்கெட் கிடையாது, ஃபங்க் என்று இருக்கும்.

சோம்பேறிக்கோடர்:
எதற்கு இத்தனை பாடு? வியூகோட் எக்ஸ்டென்ஷன் போட்டால் சோர்ஸையே எச்டிஎம்எல் பக்கமாக உள்ளே வைத்துவிடும். நெட் இல்லாமலும் படிக்கலாம், ரிப்போ பிரைவேட்டாக இருந்தாலும் பிரச்சினை இல்லை.

பைத்தான்பித்தன்:
எங்கள் ஆட்களுக்கு அந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று பார்க்க வேண்டும். கிட்ஹப் என்றால் அங்கேயே பிளேம் பார்த்துவிடலாம்.

சோம்பேறிக்கோடர்:
அதுவும் சரிதான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு [சோர்ஸ்] வரும்.

டேக்தம்பி:
வரி தள்ளிப் போவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. உங்கள் லிங்க்கில் மெயின் பிராஞ்ச் பெயர் நேரடியாக இருக்கும் என்று நினைக்கிறேன். மெயினில் யாராவது ஒரு இம்போர்ட் வரி சேர்த்தாலே கீழே உள்ளதெல்லாம் நகர்ந்துவிடும். பைத்தானின் சொந்த டாக்குமென்டேஷனைப் பாருங்கள்: ஸ்டாண்டர்ட் லைப்ரரிப் பக்கங்களில் மேலே இருக்கும் சோர்ஸ் கோட் லிங்க், அந்தந்த வெர்ஷனின் பிராஞ்சுக்குப் போகும். ஃபைலோடு நிறுத்திக்கொள்கிறார்கள், வரி எண் கிடையாது. அதனால் அவர்களுக்குப் பிராஞ்ச் போதும். வரி எண் போடுகிறவர்களுக்கு டேக் (ஒரு வெளியீட்டுக்கு வைக்கும் நிலையான பெயர்) அல்லது கமிட் ஹேஷ்தான் (ஒரு கமிட்டின் அடையாள எண்) ஒத்துவரும். பில்ட் ஓடும்போது கிட் ரெவ்-பார்ஸ் ஹெட் கொடுத்து வரும் ஹேஷை லிங்க்கில் வையுங்கள். டாக்குமென்டேஷனை பில்ட் செய்து வெளியிடும் ரீட் த டாக்ஸ் தளத்தில் ஓட்டினால் ஹேஷ் என்விரான்மென்ட் வேரியபிளாகவே கிடைக்கும்.

வரி தள்ளிப் போவதை மட்டும் சரிசெய்ய, ஏற்கெனவே வெளியிட்ட பக்கங்களைத் திரும்ப பில்ட் செய்யத் தேவையில்லை. அவற்றிலுள்ள வரி எண்கள் அந்த வெர்ஷனின் கோடிலிருந்து எடுத்தவை, அதில் தப்பில்லை. பிராஞ்ச் பெயர்தான் தப்பு. தேடி மாற்றும் செட் (sed) கமாண்டை வைத்து எச்டிஎம்எல் ஃபைல்களில் மெயின் இருக்கும் இடத்தில் அந்தந்த வெர்ஷனின் டேக்கை மாற்றிவிடுங்கள். வெறும் 'மெயின்' என்று தேடாமல் ரிப்போ முகவரியோடு சேர்த்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள மற்ற மெயின்களும் மாறிவிடும்.

பைத்தான்பித்தன்:
மூன்றும் சரியாகிவிட்டன, ரொம்ப நன்றி! சைத்தானில் (பைத்தான் போல எழுதி சி-க்கு மாற்றி கம்பைல் செய்யும் மொழி) எழுதிய ஒரு மாட்யூலுக்கு மட்டும் இன்னும் லிங்க் இல்லை. அதற்கு வழி உண்டா?

வரிக்குவரி:
அது கம்பைல் ஆன மாட்யூல். வழக்கமான பில்டில் இன்ஸ்பெக்டுக்கு அங்கே பைத்தான் கோட் கிடைக்காது. லிங்க்கோட் உங்களுக்கு மாட்யூல் பெயரைத் தருகிறது அல்லவா, அந்தப் பெயர் வந்தால் அதன் சைத்தான் சோர்ஸான பிஒய்எக்ஸ் (.pyx) ஃபைலின் முகவரியை வரி எண் இல்லாமல் திருப்பி அனுப்புங்கள். ஃபைல் திறந்தால் போதும், உள்ளே அவர்களே தேடிக்கொள்வார்கள்.