ஓ-ரிங்கில் சிலிகான் பேஸ்ட் தடவலாமா? (எஸ்டீம் இன்ஜின் வேலை)

பழையஎஸ்டீம்98 எழுதியது:

வணக்கம். 1998 மாருதி எஸ்டீம் கார், கார்புரேட்டர் வண்டி, அப்பா வாங்கியது. புகை தாங்க முடியாமல் போய் இன்ஜினை இறக்கி ரீபோர் (சிலிண்டரைக் கடைவது) செய்தாயிற்று. பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு, இனிப் பூட்ட வேண்டியதுதான் பாக்கி. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் நல்ல வேலைக்காரர், ஆனால் அவர் கை அனபாண்ட் சிலிகான் பேஸ்ட் டியூபை விட்டு இறங்காது. நேற்று சம்ப்புக்கு (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) போட வைத்திருந்த டியூபைப் பிதுக்கி, ஆயில் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டும் வலை) குழாய் ஆயில் பம்ப்பில் உட்காரும் இடத்து ஓ-ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தை, சுற்றித் தடவப் போனார். நான் தடுத்தேன். "தம்பி, ரிங் லூசாத்தான் உட்காருது, இதைத் தடவினா ஒரு சொட்டு வெளியே வராது" என்கிறார். டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங், தண்ணீர் பைப் ஓ-ரிங் எல்லாவற்றுக்கும் இதே திட்டம்தான் வைத்திருக்கிறார். சம்ப்புக்குப் பேஸ்ட் போடுவது சரி என்று எனக்கும் தெரியும். ஓ-ரிங்குக்கும் போடலாமா? நாளைக்குள் பதில் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

லேத்துக்காரன் எழுதியது:

போட வேண்டாம். மற்ற இடத்தில் போட்டால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம், ஸ்ட்ரெய்னரில் கூடவே கூடாது.

அது பம்ப் உறிஞ்சுகிற பக்கம். அங்கே சீல் சரியில்லை என்றால் ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அவர் பயப்படுகிற அந்த ஒரு சொட்டு விழுந்தாலும் சம்ப்புக்குள்தான் விழும், யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியப்போவது வேறு: காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் லைட் அணைய நேரமாகும், வண்டி சூடானதும் ஐட்லிங்கில் மினுக்கும். அதற்குள் புது பேரிங் பாதி போயிருக்கும். அமெரிக்காவில் ஜிஎம் எல்எஸ் வி8 இன்ஜின் பூட்டுகிறவர்கள் இந்த ஒரு ரிங்குக்குத்தான் அவ்வளவு பயப்படுவார்கள், அது வெட்டுப்பட்டோ மடங்கியோ உட்கார்ந்தால் பிரஷர் வராது.

ஓ-ரிங் ஒட்டிக்கொண்டு சீல் செய்வதில்லை, நசுங்கி சீல் செய்கிறது. இரண்டு தட்டையான முகங்களுக்கு நடுவே உட்காரும் ரிங் என்றால் அதன் தடிமனில் 20 முதல் 30 சதவீதம் வரை அமுங்கும்படி பள்ளத்தை வெட்டியிருப்பார்கள். ரப்பரை அமுக்கினால் அதன் கன அளவு குறையாது, பக்கவாட்டில்தான் பிதுங்கும். பள்ளம் ரிங்கைவிட அகலமாக இருப்பது அந்தப் பிதுக்கத்துக்காகத்தான். அந்தக் காலி இடத்தைப் பேஸ்ட்டால் அடைத்துவிட்டால் ரிங் எங்கே போகும்? போதாததற்கு ஈரமான பேஸ்ட் வழவழப்பு, போல்ட்டை இறுக்கும்போதே ரிங் வழுக்கிப் பள்ளத்தை விட்டு வெளியே வந்து நறுக்குப்படும். நீங்கள் இறுக்கியதும் அது கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. அந்த ரிங் இருப்பது வலைக்கு அப்புறம். சம்ப்பில் பிய்ந்து விழும் பேஸ்ட்டை வலை பிடித்துக்கொள்ளும் (வலையே அடைத்துப்போவது தனிக் கதை). இந்த இணைப்பில் உள்பக்கம் பிதுங்கிய துண்டு பிய்ந்தால் நேரே பம்ப்புக்குள் போகும், அதிகப் பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வில் மாட்டினால் பிரஷர் போச்சு.

புது ரிங், சுத்தமான பள்ளம், விரலில் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில். அவ்வளவுதான் அந்த இடத்துக்கு வேண்டியது. அது சரி, ரிங் ஏன் லூசாக உட்காருகிறது? அதைப் பாருங்கள் முதலில்.

டீசல்பட்டறை எழுதியது:

எல்லோரும் சேர்ந்து அந்த மெக்கானிக்கை வில்லனாக்க வேண்டாம். நான் டிராக்டர், லாரி இன்ஜின் பார்க்கிறவன். வெட் லைனர் இன்ஜினில் (சிலிண்டர் குழாய் தனியாக, வெளிப்பக்கம் தண்ணீர் படும்படி உட்காரும்) லைனருக்குக் கீழே ஓ-ரிங் உட்காரும் இடத்தில் பிளாக் அரித்துக் குழி குழியாக இருக்கும். முறைப்படி மெஷினில் போட்டுச் சரிசெய்ய வேண்டும். அறுப்பு நேரத்தில் டிராக்டர் கொண்டு வருகிற விவசாயியிடம் பத்து நாள் பொறுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். குழியை மட்டும் நிரப்புகிற அளவு விரல்நுனியில் தொட்டுத் தேய்த்துப் போட்டு, நான்கைந்து வருடம் ஓடிய வண்டி என்னிடமே உண்டு.

ஆனால் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை தாராளமாகத் தடவிவிட்டேன். லைனர் முழுதாக இறங்கி உட்காரவில்லை, ஒரு லைனர் மட்டும் பிளாக்குக்கு மேலே கொஞ்சம் கூடுதலாக நின்றது, டயல் கேஜ் வைத்து அளந்து பார்க்காமல் ஹெட்டைப் போட்டுவிட்டேன். ஒரே மாதத்தில் ஹெட் பேக்கிங் போய்த் திரும்பி வந்தது, கூலி என் தலையில். அதிலிருந்து புது பிளாக்காக இருந்தால் சோப்புத் தண்ணீர் மட்டும்தான்.

தூரதேசத்துசுபாரு எழுதியது:

லேத்துக்காரன் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரே இணைப்பில் ஓ-ரிங்கும் பேஸ்ட்டும் சேர்ந்து வரும் இன்ஜினும் இருக்கிறது. சுபாரு இஜே இன்ஜினில் பிளாக் இரண்டு பாதியாக வரும். நடுவில் ஆயில் வழிகளைச் சுற்றி ஓ-ரிங், மீதி முகத்துக்கு லிக்விட் கேஸ்கெட், அதாவது டியூப் பேஸ்ட். அங்கேயும் மேனுவல் சொல்வது, பேஸ்ட் ஓ-ரிங் பள்ளத்துக்குள்ளும் ஆயில் வழிக்குள்ளும் போகக் கூடாது என்றுதான். பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டுக்கும் வேலை வேறு.

இந்தக் குழப்பம் சிலிகான் கிரீஸிலிருந்து வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சில ரிங்குகளுக்கு சிலிகான் கிரீஸ் தடவச் சொல்வார்கள், அது சறுக்கி உட்காருவதற்கு, செட் ஆகாது. "சிலிகான்" என்ற சொல் மட்டும் காதில் விழுந்து, கைக்குக் கிடைத்த சிலிகான் டியூபைப் பிதுக்குகிறார்கள். தண்ணீர் பைப் ரிங் இபிடிஎம் ரப்பராக இருந்தால் இன்ஜின் ஆயில் தொட்டாலே ஊதிப் போகும், அதற்கு கூலன்ட்டில் நனைத்துப் போட்டாலே போதும். பெட்ரோல் படுகிற இடத்திலும் சாதாரண சிலிகான் பேஸ்ட் நிற்காது, ஊறிப்போய் உரிந்து வரும். கார்புரேட்டர் பக்கம் அந்த டியூபை விடாதீர்கள்.

பழையஎஸ்டீம்98 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. "ஏன் லூசாக உட்காருகிறது" என்று கேட்டது மண்டையைக் குடைந்தது, பக்கத்து வீட்டு ஐடிஐ பையனிடம் வெர்னியர் வாங்கி அளந்தேன். ரிங் தடிமன் 1.8 மில்லிமீட்டர் சொச்சம். பள்ளத்தின் ஆழமும் கிட்டத்தட்ட அதேதான். அதாவது போல்ட்டை இறுக்கினாலும் ரிங் நசுங்கவே நசுங்காது! கடையில் பழைய ரிங்கின் மேல் வைத்துப் பார்த்து, உள்வட்டம் சரியாக இருக்கிறது என்று ஒரு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். நானும் வாங்கி வந்துவிட்டேன், தப்பு என்னுடையதுதான்.

லேத்துக்காரன் எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்தேன். கடை டப்பாவில் பெரும்பாலும் அங்குல அளவு ரிங் இருக்கும், தடிமன் 1.78, 2.62, 3.53 என்று போகும். ஜப்பான் அளவில் 1.9, 2.4, 3.5. உள்வட்டம் பொருந்திவிடும், தடிமனில் ஏமாந்துவிடுவோம். பழைய ரிங் வருடக்கணக்கில் சப்பையாகிக் கிடப்பதால் அதை அளந்தும் பயனில்லை. பார்ட் நம்பர் சொல்லி வாங்குங்கள். வந்ததும் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள், முகத்துக்கு மேலே ரிங் துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். பள்ளத்தில் பழைய பேஸ்ட் இருந்தால் மரக்குச்சியால் சுரண்டுங்கள், அலுமினியத்தில் ஸ்குரூ டிரைவர் வைத்தால் கீறல் விழும்.

டிஸ்ட்ரிபியூட்டர் ரிங், தண்ணீர் பைப் ரிங் இரண்டையும் அளந்துவிடுங்கள். அதே டப்பாவிலிருந்துதானே வந்தது?

பழையஎஸ்டீம்98 எழுதியது:

அதே டப்பாதான் சார். மூன்றையும் பார்ட் நம்பர் போட்டு ஆர்டர் செய்துவிட்டேன், வியாழக்கிழமை வரும். மெக்கானிக் அண்ணனிடம் ரிங்கையும் பள்ளத்தையும் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அட, ஆமா" என்றார். அப்புறம், "சரி, ஸ்ட்ரெய்னருக்கு வேணாம், டிஸ்ட்ரிபியூட்டருக்கு மட்டும் லேசா…" என்று ஆரம்பித்தார். டியூபை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.