எபேசியர் 4:29 உங்களைச் சுட்ட நாள் எது? சொல்லுங்க

நாசரேத்துக்காரி:
பைபிள்ல அந்த வசனம் இதுதான்: "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்; பக்திவிருத்திக்கு ஏதுவான நல்ல வார்த்தை உண்டானால் அதையே கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமுண்டாகும்படி பேசுங்கள்." நானே ஆரம்பிக்கிறேன். கெட்ட வார்த்தைன்னா குழாயடிச் சண்டையில வர்ற வசவுன்னுதான் ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். அது நம்ம வாயில வராது, அதனால இந்த வசனம் நமக்கில்லைன்னு ஒரு மிதப்பு.

கிறிஸ்மஸுக்குப் பாடகர் குழு பயிற்சி. புதுசா வந்த பொண்ணு சுருதி விலகிட்டே இருந்தா. "நீ வாயை மட்டும் அசைம்மா, போதும்"னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள்லேர்ந்து அவ வரல.

ரெண்டு வாரம் கழிச்சு பெண்கள் கூட்டத்துல இதே வசனம். அங்க 'கெட்ட'ன்னு இருக்கிற இடத்துல கிரேக்கத்துல 'சப்ரோஸ்'னு ஒரு சொல்லாம். மத்தேயு 13:48-ல வலையில சிக்கினதுல நல்லதைக் கூடையில சேர்த்து, 'ஆகாதவைகளை' எறியுறாங்களே, அதுவும் இதே சொல்தான்னு சபை ஐயரம்மா, அதாவது போதகரோட மனைவி, சொன்னாங்க. சொல்லிட்டு, "மீனு கெட்டுப்போச்சான்னு எப்படிப் பாப்பீங்க?"ன்னு கேட்டாங்க. "செவுளைத் தூக்கிப் பாக்கணும், மேல ஐஸ் பளபளன்னுதான் இருக்கும்"னு பின்னாலேர்ந்து ஒரு அக்கா. எனக்குத் தலை நிமிரல.

அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல ஆன்ட்டி"ன்னா. பாட மட்டும் வரவே இல்ல.

கொத்தனார் மகன்:
அக்கா, அதே வசனத்துல 'பக்திவிருத்தி'ன்னு வருதே, அதுக்கு மூலத்துல 'ஒய்கொடொமே', அதாவது வீடு கட்டுறது. நான் அதைப் பக்தியா நாலு வார்த்தை பேசுறதுன்னு எடுத்துக்கிட்டவன். வேலை போன நண்பனுக்குத் தினம் காலைல ஒரு வசனம் அனுப்பிட்டே இருந்தேன். பத்தாம் நாள் பதில் வந்துது: "வசனம் எங்கிட்டயும் இருக்கு. நீ ஒருநாள் வந்து உக்காந்துட்டுப் போ."

கோபம்தான் வந்துச்சு. அப்பாகிட்டப் புலம்பினேன். "நேத்து எழுப்பின சுவத்துக்குத் தண்ணிதாம்ல விடணும், அதுமேல பாரத்தை ஏத்துவியா?"ன்னார். போனேன். முறுக்கு தின்னோம், கிரிக்கெட் பேசினோம். கிளம்புறப்போ அவனே ஜெபம் பண்ணச் சொன்னான். 'கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமுண்டாகும்படி'ங்கிற பாதி எனக்கு அன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு.

பாளையங்கோட்டை டீச்சர்:
என் வியாதி வேற. "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன், வெளிய சொல்லிராதீங்க"ன்னு ஆரம்பிக்கிற போன். யார் வீட்டுல பிரச்சனை, யார் மகன் யாரோட போனான், எல்லாம் ஜெபக்குறிப்புங்கிற பேர்ல வரும். நானும் "அச்சச்சோ, அப்புறம்?"னு கேட்பேன். அந்த "அப்புறம்?" இருக்கே, அதுதான் என் பாவம்.

ஒருநாள் துணிஞ்சு, "பேர் சொல்லாம ஜெபிப்போமா சிஸ்டர்? ஆண்டவருக்குத் தெரியும்ல"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரி, அடுப்புல பால் வச்சிருக்கேன்"னு போனை வச்சிட்டாங்க.

அதுக்கப்புறம் ஊர்ல எது நடந்தாலும் எனக்குத்தான் கடைசியாத் தெரியுது. உண்மையைச் சொல்லணும்னா, கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.