மூன்றாவது சொல்லைச் சொன்னால் அது ஆட்டோமேஷனா?

செமிகோலன்: "2021 ஜூனில் கோபைலட் என்ற ஏஐ கருவி வந்த பிறகுதான் இயந்திரம் புரோகிராம் கோடு எழுதக் கற்றது" என்று மேலே ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். எரிச்சலாக வருகிறது. பிரேம் தேவன்பு என்று ஒருவர் இருக்கிறார். ஐஐடி மெட்ராஸ், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலையில் பிஎச்டி, பெல் லேப்ஸ், அப்புறம் கலிஃபோர்னியா பல்கலையின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியர். ஆப்ரம் ஹிண்டில் முதலானவர்களோடு சேர்ந்து 2012-லேயே, நாம் எழுதும் கோடு ஆங்கில உரைநடையைவிட எளிதாக ஊகிக்கக்கூடியது என்று அளந்து காட்டினார். விதை அங்கே.

கோபால் தாத்தா: அவர்கள் வைத்த மாடல் முந்தைய இரண்டு சொல்லைப் பார்த்து மூன்றாவதைச் சொல்லும். அவ்வளவுதான். அதற்குப் பெயர் ஆட்டோமேஷன் என்றால் என் பழைய பட்டன் போனும் விஞ்ஞானிதான்.

செமிகோலன்: ஐயா, அளவைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அடுத்த சொல்லை ஊகிப்பதில் 8 பிட் அளவுக்குக் குழப்பம்; பிட் குறைந்தால் ஊகிப்பது எளிது. ஜாவா மொழிக் கோடில் 4-க்கும் கீழே. 'ஃபார்' போட்டு 'இன்ட் ஐ' என்று தட்டினால் அடுத்து 'ஈக்வல்', பூஜ்யம். உங்கள் விரலுக்கே தெரியும். அந்தப் பழக்கத்தைத்தான் எண்ணில் பிடித்தார்கள். கோடு எழுதப் பயன்படும் எக்லிப்ஸ் மென்பொருளின் சொந்தப் பரிந்துரைகளோடு சேர்த்தபோது சரியானவை கூடின.

கோபால் தாத்தா: மூன்றாவது சொல்! முதல் இரண்டையும் தட்டியது யார்? மனிதன். சென்னையில் படித்தவர் என்றதும் தூக்கிப் பிடிக்க வந்துவிடுகிறீர்கள்.

செமிகோலன்: ஊர்ப் பெருமை பேசியது நானா? போன மாதம் கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழிதான் உலகைத் தாங்குகிறது என்று நாற்பது பதிவு போட்டது யார்?

புதுவரவு: அண்ணே, வெஸ்ட்லி வைமர் குழுவின் ஜென்ப்ராக், கோடில் பிழை திருத்தும் புரோகிராம்? அதே 2012. 105 பிழைகளில் 55-ஐத் தானே திருத்தியது, ஒன்றுக்கு 8 டாலர் செலவில்.

கோபால் தாத்தா: தம்பி, 2015-இல் எம்ஐடியின் மார்ட்டின் ரினார்ட் குழு அந்த 'திருத்தங்களை'ப் பிரித்துப் பார்த்தது. பெரும்பாலானவை பிழை இருந்த வசதியையே அழித்துவிட்டு டெஸ்ட் பாஸ் ஆகியிருந்தன. தலைவலிக்குத் தலையை வெட்டின வைத்தியம்.

செமிகோலன்: அது மரபணு முறைத் தேடல், அதாவது கோடை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது; தரவிலிருந்து கற்கும் மெஷின் லேர்னிங்கே இல்லை. எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்?

கோபால் தாத்தா: இழுத்தது நான் இல்லை, உங்கள் புதுவரவு.

புதுவரவு: நான் யார் கட்சியும் இல்லை சார்.

செமிகோலன்: கோபைலட்டும் அடுத்த சொல்லைத்தானே ஊகிக்கிறது? இரண்டுக்குப் பதில் ஆயிரக்கணக்கில் பார்க்கிறது, வேறென்ன?

கோபால் தாத்தா: அப்போ அதுவும் ஆட்டோமேஷன் இல்லை. 34 வருடம் கோடு எழுதியவன் சொல்கிறேன்.

செமிகோலன்: ஆரம்பித்துவிட்டார். அடுத்து பஞ்ச் கார்டு கதை வரும் பாருங்கள்.

கோபால் தாத்தா: பஞ்ச் கார்டில் மூன்றாவது சொல்லையும் நாங்களேதான் ஓட்டை போட்டோம்.